பள்ளிவாசல் வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர்

கடலுக்கு நடுவே ஒரு தீவு. அந்தத் தீவின் தலைநகரத்தில் ஒரு பெரிய பள்ளிவாசல். அதன் குவிமாடத்துக்கு அச்சாக, முதலில் மரத்தில் ஒரு குவிமாடம் செய்து கொடுத்த ஆட்களில் நானும் ஒருவன். மீனாட்சிபுரம் டீக்கடையில் இதைச் சொன்னால், "நீங்க மாட்டுக் கொட்டாய்க்கு மூங்கில் கட்டுன கதையச் சொல்லுங்க, அதாவது நம்பற மாதிரி இருக்கும்" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

நான் சென்ட்ரிங் தச்சன். காங்கிரீட் ஊற்றும் முன் அது உட்கார வேண்டிய வடிவத்தைப் பலகையில் செய்து, முட்டுக் கொடுத்து நிறுத்துவது என் தொழில். காங்கிரீட் இறுகியதும் எங்கள் பலகையைப் பிரித்து ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள். மலையடிவாரத்தில் அணைகள் கட்டிய காலத்தில் இளவட்டமாகப் போய்க் கற்றுக்கொண்ட வேலை. பிறகு சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி என்று தண்ணீர்த் தொட்டியும் சினிமாக் கொட்டகையும் கட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் பிற்பாதியில் எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு நான். என் மகளுக்கு அப்போது ஒரு வயது நிரம்பவில்லை. நான் புறப்படும் நேரத்தில் தவழ்ந்து வந்து என் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளை இறக்கி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அந்தப் பள்ளிவாசல் எவ்வளவு பெரிது என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஓட்டுப் பள்ளிவாசலைப் பெயர்த்துக் கொண்டுபோனால், அங்கே செருப்பு விடுகிற இடத்தில் வைத்துவிடலாம். நடுக்கூடத்தில் ஒரு தூண் கிடையாது. ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரமாகக் கண்ணாடி. வெளியே நெருப்பாக வெயில் அடிக்கும்போது உள்ளே மறையூர் மலைக் காற்றுப் போலக் குளிர்ச்சி வரும்படி எந்திரம் வைத்திருந்தார்கள். குவிமாடத்தின் ஒவ்வொரு வளைவையும் தரையில் சுண்ணாம்புக் கோட்டில் முழு அளவுக்கு வரைந்து, அதன்மேல் பலகையை வைத்து அறுத்து, மேலே ஏற்றிக் கோத்தோம். காங்கிரீட் இறுகிப் பலகை பிரித்த அன்று நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். எங்கள் பலகையின் ரேகைகள் அந்த உச்சி முழுக்கப் பதிந்திருந்தன. அடுத்த வாரம் பூச்சு பூசி மறைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவ்வளவு பெரிய இடத்தில் கை வைக்கக் கொடுத்து வைத்திருந்ததே போதும் என்றிருந்தது.

கூடம் முடிந்ததும் தொழுகைக்குத் திறந்துவிட்டார்கள். மினாராக்களும் முற்றத்து அறைகளும் பாக்கி இருந்தன. அதனால் நாங்கள் ஒரு பக்கம் ஆணி அடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் ஜனங்கள் தொழ வருவார்கள். தொழுகைக்குப் பாங்கு சொன்னால் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவோம்.

தகரக் கூரை போட்ட கொட்டகையில் எங்களுக்குத் தங்கல். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ராவுத்தர். கம்பி கட்டுகிறவர். என்னைவிட மூத்தவர். எங்கள் ஊர்ப் பேச்சே பேசுவார், அரபியும் ஓரளவு வரும். நான் அவரை அண்ணா என்பேன். நல்ல மனிதர், ஆனால் சமையல் அவர் முறை வந்தால் எல்லோருக்கும் கலக்கம். ஒருநாள், "கம்பி கட்டற கையில சாம்பார் வெச்சா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேருக்கும் வீம்பு.

அந்தச் சமயத்தில்தான் லீவு முடிந்து திரும்பிய ஒருவன் எனக்கு ஒரு கேசட் கொண்டுவந்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அப்போது அப்படித்தான் பேசி அனுப்புவார்கள். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து டேப் ரிக்கார்டரோடு வந்திருந்தார். அவர் வீட்டில் உட்கார்ந்து என் மனைவி பேசியிருந்தாள்.

"ஏனுங்க, கேக்குதுங்களா? இதுல பேசுனா உங்களுக்குக் கேக்குமாமா. எனக்கென்னமோ செவுத்துகிட்டப் பேசற மாதிரித்தான் இருக்குதுங்க."

பிறகு மாடு கன்று போட்டதைச் சொன்னாள். மழை இல்லாததைச் சொன்னாள். கொஞ்ச நேரம் டேப் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"பாப்பாவுக்குக் காச்சல் வந்துச்சுங்க. காச்சல் போயிருச்சு. ஆனாக் காலு நிக்க மாட்டீங்குதுங்க. நடந்துட்டு இருந்த புள்ளை, தூக்கி நிறுத்துனாத் துணியாட்டம் மடிஞ்சுக்குது. பாலக்காட்டு ஆஸ்பத்திரியில இளம்பிள்ளை வாதம்னு சொல்றாங்க. காலை நீட்டி மடக்கித் தேச்சு உடச் சொல்லியிருக்காங்க. பொறுத்துத்தான் பாக்கோணுமாமா."

மகள் நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். நான் அதுகூடப் பார்க்கவில்லை. நான் பார்த்த பிள்ளை தவழ்ந்துதான் வந்தது.

"பொழுதோட பள்ளிவாசல்ல தண்ணி ஓதி வாங்கிக் குடுத்துட்டு இருக்கறனுங்க. நீங்க அத்தாம்பெரிய பள்ளிவாசல்ல இருக்கறீங்க. வெண்ணெயக் கையில வெச்சுட்டு நெய்க்கு அலையோணுங்களா? அங்க ஒரு சொம்புத் தண்ணி ஓதி வாங்கி நீங்க குடிங்க. அப்பன் குடிச்சாப் புள்ளைக்குச் சேரும்."

அவள் பேசி முடித்த பிறகும் டேப் கொஞ்சம் ஓடியது. பின்னால் பாப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கு என்ன தெரியும். கொட்டகையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, இரவல் வாங்கிய டேப் ரிக்கார்டரில் நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். பொழுது சாயும் நேரத் தொழுகை முடியும்போது பள்ளிவாசல் வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். காய்ச்சல் பிள்ளை, பயந்த பிள்ளை, சாப்பிடாத பிள்ளை இடுப்பில். கையில் சொம்பில் தண்ணீர். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொரு சொம்பிலும் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். மளிகைக்கடைக்காரரும் ஊதுவார், லாரி டிரைவரும் ஊதுவார். நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை. என்னையும் என் தாய் அப்படித் தூக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள்.

ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. பள்ளிவாசல் என்றால் வாசலில் நின்று தண்ணீரை நீட்டுவது, அவர்கள் ஊதுவது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வீம்பு என்ன ஆவது? மறுநாள் வேலை முடிந்ததும் கை கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, மனைவி கொடுத்தனுப்பிய எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பெரிய வாசலில் போய் நின்றேன்.

தொழுகை முடிந்து முதலில் வந்தவர் கனத்த ஆள். நான் இரண்டு கையாலும் சொம்பை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தது. வாங்கினார். அப்படியே படியில் உட்கார்ந்து, மூன்று மடக்கில் முழுவதையும் குடித்துவிட்டு, வெறும் சொம்பை என் கையில் கொடுத்து, நெஞ்சில் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சரி, தாகக்காரர் போலிருக்கிறது, வெயில் ஊர் என்று சமாதானம் செய்துகொண்டேன். அடுத்த நாளும் அதே கதை. வேறு ஆள், அதே மூன்று மடக்கு, அதே நெஞ்சில் கை. ஒரு சொம்பு போதவில்லை, பெரிய ஏனமாக இருந்தால் குடித்தது போக மிச்சத்திலாவது ஊதுவார்கள் என்று அதற்கடுத்த நாள் கொட்டகையிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கிக்கொண்டு போனேன். கெட்டது குடி. வரிசையே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட வந்தார்கள். எல்லோரும் குடித்தார்கள், எல்லோரும் நெஞ்சில் கை வைத்தார்கள், ஒருவர் ஊதவில்லை. வாளியைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது எனக்கு அழுகை வந்தது. அங்கே பிள்ளையின் கால் துணியாக மடிகிறது, இங்கே அப்பன் ஊருக்கெல்லாம் தண்ணீர்ப் பந்தல் நடத்துகிறான்.

அப்படிச் சில நாள் போயிற்று. ஒரு சாயங்காலம் வாளி காலியாகி, சொம்பில் மட்டும் தண்ணீர் இருந்தது. இதை யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தேன். வாசல் ஓரத்தில் ஒரு கிழவர் தினமும் உட்கார்ந்திருப்பார். குனிந்த முதுகு, காது மந்தம். அவர் மெல்ல எழுந்து வந்து, சிரித்துக்கொண்டே சொம்பைப் பிடித்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறினால் கண் மண் தெரியாது.

"ஏனுங்க, இது குடிக்கற தண்ணி இல்லீங்க. உடுங்க" என்று வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன்.

முற்றத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் ஒருவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது சுற்றி நின்றவர்களின் முகத்தில் தெரிந்தது. கிழவர் கையை மடக்கிக்கொண்டு அப்படியே நின்றார். சூப்பர்வைசர் காதுக்குப் போனால் நாளைக்கே ஊருக்கு ஏற்றிவிடுவான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, வழக்கமாகக் கொட்டகையிலேயே தொழுகிற ராவுத்தர் அண்ணன் அன்று பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்தார்.

"ஏப்பா, என்ன பண்ணிப்போட்டே? பெரியவர் கையில இருந்து தண்ணியப் புடுங்கறே?"

"பின்ன என்னங்கண்ணா? தினமும் ஓதி வாங்கலாம்னு வந்து நிக்கறேன். எல்லாரும் மடக்கு மடக்குன்னு குடிச்சுப்போட்டுப் போறாங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தார்.

"அட கெரகம் புடிச்சவனே. நம்மூருப் பழக்கம் இங்க யாருக்குத் தெரியும்? வாசல்ல நின்னு தண்ணிய நீட்டுனாக் குடிக்கத்தான் செய்வாங்க, தலைக்கா ஊத்திக்குவாங்க? ஆமா, யாருக்கு ஓதோணும்?"

"பாப்பாவுக்குங்கண்ணா. காலு நிக்க மாட்டீங்குதாமா."

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சாம்பார் நல்லா இல்லைன்னு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, இதச் சொல்லத் தெரியலையா?"

அவர் கிழவரின் காதருகே போய் அரபியில் உரக்கச் சொன்னார். காது மந்தமானதால் முற்றம் முழுக்கக் கேட்கும்படிதான் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வாசலையும், சொம்பையும், பிள்ளையின் காலையும் அவர் கைஜாடையோடு விளக்கியது எனக்கே புரிந்தது. முதல் நாள் குடித்த கனத்த ஆள் கூட்டத்தில் இருந்தார். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு, தான் குடித்ததையும் சொன்னதையும் அண்ணனிடம் செய்து காட்டினார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "குடிச்சவங்க ஒவ்வொருத்தரும் நெஞ்சுல கைய வெச்சு ஒண்ணு சொன்னாங்களே, அது என்னன்னு தெரியுமா?"

"தேங்க்ஸுன்னு நெனச்சனுங்க."

"ஆண்டவன் உன்ற புள்ளைகள உனக்கு நல்லா வெச்சிருக்கட்டும்னு. அதுதான் சொன்னாங்க. நீ கேக்கறதுக்கு முன்னாலயே குடுத்துட்டுப் போயிருக்காங்க, அத்தனை பேரும்."

அத்தனை நாள் நான் மனதுக்குள் திட்டிக்கொண்டே தண்ணீர் கொடுத்தேன், அவர்கள் என் மகளை வாழ்த்திக்கொண்டே குடித்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்கள், என் மொழி தெரியாதவர்கள், அவள் ஒருத்தி இருப்பதே தெரியாதவர்கள். நான் அந்தப் படியிலேயே குந்தி அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமாக இல்லை.

கிழவர் என் தலையில் கை வைத்தார். சொம்பை வாங்கி, வாயருகே வைத்து, நெடுநேரம் ஓதினார். ஊதினார். பிறகு அதைக் கனத்த ஆளிடம் கொடுத்தார். அவர் ஊதி அடுத்தவரிடம் கொடுத்தார். சிலருக்கு எப்படி ஊதுவது என்று தெரியவில்லை, ஒருவரையொருவர் பார்த்துச் செய்தார்கள். ஒரு ஆள் ஊதிய வேகத்தில் தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் நின்றவரின் தாடியில் பட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சுற்றி வந்த சொம்பை என் கையில் கொடுத்து, உட்கார்ந்து குடி என்று ஜாடை காட்டினார்கள். அந்தக் குவிமாடத்துக்கு எதிரே உட்கார்ந்து குடித்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

கிழவர் போகும்போது ஏதோ சொன்னார். அண்ணன் சொன்னார்: "எளவயசுல முத்துக் குளிக்கப் போனவராமா. சுத்தியும் கடல் கெடக்க, நாக்கு வறண்டு கெடந்திருக்காரு. தண்ணி குடுக்கறத நிறுத்தீராதேங்கறாரு."

நிறுத்தவில்லை. அந்த வேலை முடிந்து புறப்படும் வரை, சாயங்காலம் வாளியும் சொம்புமாக அந்த வாசலில் நின்றேன். பாதி நாள் அண்ணன் வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்வார். அவர் சாம்பாரையும் குறை சொல்லாமல் சாப்பிட்டேன். அது மட்டும் கடைசி வரை தேறவில்லை.

ஊரிலிருந்து இன்னொரு கேசட் வரவில்லை. டேப் ரிக்கார்டர்காரர் திரும்பப் போகும்போது அதையும் எடுத்துப் போய்விட்டார். கடிதம் வந்தது, என் மைத்துனன் எழுதுவான். "இங்கு அனைவரும் நலம். பாப்பா சுகம்." ஒவ்வொரு கடிதத்திலும் அதே வரி. அதை நான் நம்பவில்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்கு எங்கள் பக்கம் எழவு விழுந்த வீட்டிலிருந்தும் அப்படித்தான் எழுதுவார்கள், அங்கே கிடந்து தவிப்பானே என்று. என் மனைவியின் குரலில் கேட்டிருந்தால் நம்பியிருப்பேன். பகலில் வேலை இருந்தது, சாயங்காலம் வாளி இருந்தது. அதனால்தான் பித்துப் பிடிக்காமல் தப்பித்தேன்.

நான் போய் மூன்று வருஷம் கழித்து, ஊர் திரும்ப டிக்கெட் சட்டென்று கிடைத்தது. சொல்லி அனுப்ப நேரமில்லை. பம்பாயிலிருந்து ரயில், பொள்ளாச்சியிலிருந்து பஸ். மீனாட்சிபுரத்தில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நல்ல வெயில், எதிர்க்காற்று. தெருவில் யாரோ, "யாரு, நீயா?" என்று கேட்டார்கள். நான் நிற்காமல் நடந்தேன்.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் ஒரு பெண்குழந்தை புளியங்கொட்டையைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து என்ன தெரியும்? நான் நிலைப்படியில் நின்றுவிட்டேன். அது நிமிர்ந்து என்னைப் பார்த்தது, பயப்படவில்லை. கொல்லைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டது.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க."

மாட்டுக் கொட்டாயிலிருந்து பால் பீய்ச்சும் சத்தத்தோடு என் மனைவியின் குரல் வந்தது. "சொந்தக்காரங்க யாராச்சும் ஒறம்பரைக்கு வந்திருப்பாங்க சாமி. உக்காரச் சொல்லு. தண்ணி குடு. இதோ வந்தர்றேன்."

குழந்தை ஒரு கையைத் தரையில் ஊன்றியது. இன்னொரு கையால் சுவரைப் பிடித்தது. எழுந்தது. நின்றது. பிறகு சுவரை விட்டுவிட்டு நடந்தது. இடது கால் கொஞ்சம் இழுத்தது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியது. ஆனால் நடந்தது. சமையல்கட்டுக்குள் போய்ப் பானையில் மொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இழுத்து இழுத்து என்னிடம் வந்தது. பாதித் தண்ணீர் வழியெல்லாம் சிந்தியிருந்தது.

"உக்காருங்க" என்றது. பிறகு, "தண்ணி குடிங்க" என்றது.

உட்கார்ந்தேன். வாங்கிக் குடித்தேன். டம்ளரை அதன் கையில் கொடுத்தேன், கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. கேசட்டில் கேட்ட அதே சிரிப்பு.

"இன்னும் வேணுமுங்களா?"

"வேணும் சாமி" என்றேன்.

அது திரும்பிச் சமையல்கட்டுக்கு நடந்தது. கொல்லைக் கதவில் என் மனைவி பால் சொம்போடு வந்து நின்றாள். என்னைப் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு கதவில் சாய்ந்துகொண்டாள். குழந்தை அடுத்த டம்ளரைக் கொண்டுவந்தது. குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்றேன். மறுபடியும் போனது, மறுபடியும் வந்தது. எனக்குத் தாகமே இல்லை. அன்றைக்கு வயிறு முட்ட முட்டத் தண்ணீர் குடித்தேன்.